சோப்பு டப்பா ஆம்ப்ளிஃபயர்

தனக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது என்று சங்கமித்ரா முடிவு கட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் கணவர் அசோகன் அன்றைக்கே பிரஸ்ஸுக்கு லீவு போட்டுவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுவார். போனால் டாக்டர் சோதித்துப் பார்த்து ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுப்பார். எழுதிக் கொடுத்துவிட்டால் அது உண்மையாகிவிடும். அதற்குத்தான் அவள் பயந்தாள்.

அவள் அப்பா மில்லில் தறி ஓட்டியவர். நாற்பத்திரண்டு வயதில் அவருக்குக் காது சுத்தமாக அடைத்துப் போனது. சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் அம்மா போய் அவர் தோளைத் தொடுவாள். சங்கமித்ராவுக்கு இப்போது முப்பத்தொன்பது. விரல் விட்டு எண்ணிப் பார்த்து எண்ணிப் பார்த்துப் பயந்தாள்.

அவள் பார்த்ததோ காதை நம்பிய வேலை. கோரமங்களாவில் ஒரு மூன்றாவது மாடி ஆபீஸ். ஈஜிபுராவிலிருந்து நடந்தே போய்விடலாம். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும், இன்ன கோளாறு, இன்ன மருந்து என்று டெலிபோனில் சொல்லிப் பதிவு செய்துவிடுவார்கள். அந்தப் பேச்சு கம்ப்யூட்டர் வழியாகப் பெங்களூருக்கு வரும். இங்கே நாற்பது பேர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, காலடியில் இருக்கும் பெடலை அழுத்திப் பேச்சை ஓடவிட்டும் நிறுத்தியும், கேட்டதைக் கேட்டபடி டைப் அடிப்பார்கள். 2002-இல் ஊரில் அந்த வேலைக்கு நல்ல பேர். கல்யாணத்துக்கு முன் ஹையர் பாஸ் செய்த டைப்ரைட்டிங் சர்டிபிகேட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்த்தான் சங்கமித்ரா அந்த நாற்காலியைப் பிடித்தாள். முதல் ஆறு மாதம் பயிற்சிக் காலம். அதில் ஐந்து மாதம் முடிந்துவிட்டது.

ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றால் அந்த இடத்தில் கோடு போட்டு விட்டுவிட வேண்டும். ஒரு ஃபைலுக்கு இரண்டு கோடு வரை பொறுத்துக்கொள்வார்கள். அவள் ஃபைலில் எட்டு, ஒன்பது கோடுகள் விழுந்தன.

"அக்கா, இதுக்குப் போய் ஏன் மண்டையை ஒடைச்சுக்கறீங்க?" என்றாள் ராதா. காலை ஷிஃப்டில் அதே கம்ப்யூட்டரில் உட்கார்கிற பெண் அவள். ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரை ராதா. இரண்டிலிருந்து பத்து வரை சங்கமித்ரா. நடுவில் ஐந்து நிமிஷம்தான் இருவருக்கும் பேச்சு. "எல்லா டாக்டரும் ஒண்ணுதான் சொல்றாங்க. இதயம் நார்மல், நுரையீரல் நார்மல். கேக்கலன்னா சும்னே நார்மல்னு அடிச்சு உட்டுருங்க."

"அவரு நார்மல் இல்லன்னு சொல்லியிருந்தா?"

"யாருக்குத் தெரியப் போவுது?"

"அந்த நோயாளிக்குத் தெரியுமேம்மா" என்றாள் சங்கமித்ரா.

ஞாயிற்றுக்கிழமை தோறும் காந்தி நகர் புத்த விகாரைக்குப் போய்ப் பஞ்சசீலம் சொல்லிவிட்டு வருகிறவள் அவள். பொய் சொல்வதைத் தவிர்ப்பேன் என்பது நான்காவது சீலம். அது வாயால் சொல்லும் பொய்க்கு மட்டும்தான், விரலால் அடிக்கும் பொய்க்கு இல்லை என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அதனால் கோடு போட்டாள்.

காது ஒத்துழைக்காதபோது ஒரு துணை கிடைத்தது. அவர்கள் குடியிருந்த காம்பவுண்டின் கடைசி வீட்டில் நோயல் இருந்தான். டிவி ரிப்பேர் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிட்டார் வாசிப்பான். குழாயடியில் அவள் முகத்தைப் பார்த்தே, "என்னக்கா, ஆபீஸ்ல யாராச்சும் திட்டறாங்களா?" என்று கேட்டான்.

"இல்லப்பா. ஹெட்போன்ல சத்தமே பத்தல. எவ்வளவு உன்னிச்சுக் கேட்டாலும் எங்கயோ தூரத்துல பேசற மாதிரி இருக்கு."

காது போகிறது என்று அவனிடமும் சொல்லவில்லை. அவன் அதற்குமேல் கேட்கவும் இல்லை. அடுத்த வாரம் எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சாமான் வாங்கி வந்து ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்து கொண்டுவந்து நீட்டினான். ஊருக்குப் போகும்போது சோப்பு வைத்துக்கொள்ளும் நீலப் பிளாஸ்டிக் டப்பாதான் அதன் கூடு. உள்ளே ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி, சுண்டுவிரல் நகம் அளவு ஒரு ஐ.சி. சில்லு. கம்ப்யூட்டரிலிருந்து வரும் ஒயருக்கு ஒரு ஓட்டை, ஹெட்போனுக்கு ஒரு ஓட்டை. பக்கத்தில் பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய குமிழ். மூடியைத் திறந்தால் இன்னும் சந்தன சோப்பு வாசனை அடித்தது. தன்னுடைய பெரிய ஹெட்போனையும் கூடவே கொடுத்தான்.

"இந்த ஒரு குமிழ்தாங்க்கா. திருப்பினா சத்தம் ஏறும். வேற எதையும் நோண்டாதீங்க. கம்ப்யூட்டர்ல கையே வைக்காதீங்க, அது அவங்க சொத்து. ஏதாச்சும் ஆச்சுன்னா நம்ம தலையில கட்டிருவாங்க."

வீட்டில் அவனுடைய வாக்மேனில் மாட்டிக் கேட்டபோது பாட்டு கண்ணாடி மாதிரி இருந்தது. ஆபீஸில் மாட்டினாள். குமிழைக் கடைசி வரை திருப்பினால்தான் பேச்சே எட்டியது. ஆனால் பேச்சோடு சேர்ந்து, காய்ந்த எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி ஒரு இரைச்சல். வார்த்தை அதற்குள் விழுந்து பொரிந்துபோயிற்று.

நோயல் விடவில்லை. கரண்ட் அடாப்டரில் ஓட்டாமல் பேட்டரியிலேயே ஓட்டுங்கள் என்றான். அடியில் கேட்டுக்கொண்டிருந்த 'ம்ம்ம்' என்ற முனகல் நின்றது. ஒயர் முனையில் இருந்த பின்னை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக் கொடுத்தான்; கரகரப்பு போயிற்று. நீள ஒயரை வெட்டி ஒரு சாண் ஒயராக்கினான், கொஞ்சம் தேவலை. அப்பளம் மட்டும் பொரிந்துகொண்டேதான் இருந்தது. மறுபடி வாக்மேனில் போட்டுக் கேட்டால் சுத்தமாக இருந்தது.

"இங்க நல்லாத்தானேக்கா கேக்குது?" என்று தலையைச் சொறிந்தான்.

"நல்லாத்தான்பா கேக்குது."

ஆனால் அவள் மனம் வேறு கணக்குப் போட்டது. தெரிந்த பாட்டைக் காது கேட்பது பாதி, மனசு கேட்பது பாதி. தெரியாத டாக்டர் பேசும்போதுதான் காதின் வண்டவாளம் வெளிப்படுகிறது. டப்பாவில் குறையில்லை. குறை தன்னிடம்தான்.

மே மாதக் கடைசியில் சேஷகிரி கூப்பிட்டார். டைப் அடித்ததையெல்லாம் சரிபார்க்கும் பொறுப்பு அவருடையது. மல்லேஸ்வரத்துக்காரர். நெற்றியில் மெல்லிய சந்தனக் கீற்று, சட்டைப் பையில் சிவப்புப் பேனா. கடுமையானவர் என்று பேர். ஆனால் யாரையும் உட்காரச் சொல்லாமல் பேசமாட்டார்.

"உக்காருங்க, சங்கமித்ராம்மா. நீங்க அடிச்சது ஒண்ணு கூடத் தப்பா இருக்காது, அது எனக்குத் தெரியும். ஆனா அடிக்காதது ஜாஸ்தியா இருக்கே? வெள்ளிக்கிழமை காலைல பதினோரு மணிக்கு வாங்க. என் முன்னாடி மூணு ஃபைல் அடிங்க. எதுலயும் ரெண்டு கோட்டுக்கு மேல போகப்படாது. போச்சுன்னா வேலையை நிரந்தரம் பண்ற ஜூன் லிஸ்ட்ல உங்க பேரை என்னால போட முடியாது."

"சரி சார்."

"மூணாவது வெத்தல டாக்டர் ஃபைல். முன்னாடியே சொல்லிடறேன்."

ஆபீஸ் முழுக்கப் பயந்த ஆள் அந்த டாக்டர். ஒஹாயோவில் எங்கேயோ இருந்தார். முகம் யாருக்கும் தெரியாது. ஒரு கவுளி வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி பேசுவார். அதனால் அந்தப் பேர்.

வெள்ளிக்கிழமை காலை சங்கமித்ரா புத்தர் படத்தின் முன் விளக்கேற்றிவிட்டு வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் உட்கார்ந்திருந்தாள். அசோகன் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மித்ரா, எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையா?"

"அது மாதிரிதாங்க."

அவர் அவள் பைக்குள் எதையோ போட்டார். படி இறங்கும்போது பார்த்தாள். புது ஒன்பது வோல்ட் பேட்டரி.

பதினோரு மணிக்கு ராதா பாதி ஷிஃப்டில் இருந்தாள். சேஷகிரி சொன்னதும் நடுவில் நிறுத்திவிட்டு எழுந்தாள். "உக்காருங்கக்கா. சீட்டைச் சூடு பண்ணி வச்சிருக்கேன். பயப்படாதீங்க, நான் பின்னாடியே நிக்கறேன்."

சங்கமித்ரா டப்பாவை மேஜையில் வைத்து ஒயரை மாட்டினாள். பழக்கத்தில் விரல் தானாகப் போய்க் குமிழைக் கடைசி வரை திருப்பியது. ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். புத்தம் சரணம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பெடலை அழுத்தினாள்.

இரண்டு காதுக்கும் நடுவில் இடி விழுந்தது.

"அம்மா!" என்று அலறி ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டாள். பதற்றத்தில் காலைப் பெடலிலிருந்து எடுக்க மறந்துவிட்டாள். மேஜையில் கிடந்த ஹெட்போனிலிருந்து டாக்டர் யாரோ ஒருவருடைய மூலவியாதியைப் பற்றிச் சுற்றியிருந்த நான்கு மேஜைக்கும் எட்டும்படி விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

"ஏனாயித்து? என்னம்மா ஆச்சு?" சேஷகிரி எழுந்து ஓடிவந்தார்.

"ஐயையோ அக்கா, சாரி, சாரி!" ராதா தலையில் கை வைத்துக்கொண்டாள். "எறக்கி வைக்க மறந்துட்டேன்."

"எதை எறக்கி வைக்க?"

"சவுண்டைத்தான்க்கா. இதோ, இங்க." கம்ப்யூட்டர் திரையின் கீழ் மூலையில் கடுகளவு ஒரு ஸ்பீக்கர் படம் இருந்தது. ராதா அதை அழுத்தினாள். ஒரு கோடும் அதில் ஒரு சின்னக் கட்டையும் மேலெழும்பின. கட்டை உச்சியில் நின்றது. "டெய்லி போறப்ப இதை அடி வரைக்கும் எறக்கி வச்சுட்டுத்தான் போவேன். இன்னைக்கு நீங்க திடீர்னு நடுவுல வந்துட்டீங்களா..."

ஐந்து மாதமாக அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த சங்கமித்ரா அந்தப் படத்தைத் தொட்டதே இல்லை. கம்ப்யூட்டரில் எந்த செட்டிங்கையும் மாற்றக்கூடாது என்று சேஷகிரி தம் கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். நோயலும் கை வைக்காதீங்க என்றிருந்தான். கை வைக்கவில்லை.

"டெய்லியுமா?" என்று மெல்லக் கேட்டாள்.

"ஆமாங்க்கா. நான் சத்தமா வச்சுக் கேப்பேன். அடுத்தவங்க காதுல அடிக்கக் கூடாதுல்ல? மொதல்ல பாதிக்குத்தான் எறக்கினேன். அப்பறமும் நீங்க வர்றப்பல்லாம் காதைத் தேச்சுக்கிட்டே இருந்தீங்க. பாவம், வலிக்குது போலன்னு இன்னும் கொஞ்சம் எறக்கினேன். இப்ப ரெண்டு மாசமா ஒரு நூல்தான் உட்டு வைக்கறேன்." ராதாவின் குரல் தயங்கியது. "அந்த சோப்பு டப்பா சத்தத்தைக் கொறைக்கற மிஷின்தானேக்கா?"

"கூட்டற மிஷின்ம்மா."

ராதா டப்பாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சங்கமித்ராவுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. கேட்கவில்லையே என்று இவள் காதைத் தேய்த்தாள். தேய்க்கிறாளே என்று அவள் சத்தத்தைக் குறைத்தாள். குறைந்ததால் இன்னும் கேட்கவில்லை, இன்னும் தேய்த்தாள். நூல் அளவு வந்த சத்தத்தை ஆள் உயரம் ஆக்கு என்றால் பாவம் சோப்பு டப்பா என்ன செய்யும்? பேச்சோடு ஒட்டிக்கொண்டு வந்த இரைச்சலையும் சேர்த்துத்தானே தூக்கும்? வாக்மேனில் பாட்டு முழுதாக வந்தது, சுத்தமாகக் கேட்டது. அவ்வளவுதான் சங்கதி. அப்பாவின் காது வேறு, தன் காது வேறு.

மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று சத்தமில்லாமல் இறங்கிப் போயிற்று.

ராதாவோ அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். "என்னாலயா அக்கா உங்களுக்கு இந்த டெஸ்ட்டு? நான் நல்லதுக்குத்தான்..."

"செட்டிங்கைத் தொடாதேன்னு எழுதி ஒட்டியிருக்கேனே, அது யாருக்கு?" சேஷகிரி தம் மேஜைக்குத் திரும்பிப் போய் டிராயரைத் திறந்தார். அதில்தான் மெமோ புத்தகம் இருந்தது. "இவங்க வேலையே போயிருக்கும், தெரியுமா உனக்கு?"

"சார்" என்றாள் சங்கமித்ரா. "அவ என் காது நோகக் கூடாதுன்னு செஞ்சா. ஏம்மா சத்தம் கம்மியா இருக்குன்னு நான் ஒரு நாளாவது அவளைக் கேட்டிருக்கணும். எனக்குக் காது போச்சுன்னு வெளிய தெரிஞ்சுடுமோன்னு பயந்து கேக்கல. எழுதறதுன்னா என் பேரையும் சேத்து எழுதுங்க."

சேஷகிரி அவளைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த தம் நோட்டீஸைப் பார்த்தார்.

"அப்ப மூணு பேர் எழுதணும். அதை ஒட்டினது நான்தானே" என்று சொல்லி டிராயரை மூடினார். "கண்ணைத் தொடைச்சுக்கோ ராதா. அவங்களுக்குச் சரியா வச்சுக் கொடு. டெஸ்ட் டெஸ்ட்தான், அதை நான் விடமாட்டேன்."

ராதா கட்டையை உச்சிக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தினாள். சங்கமித்ரா குமிழைச் சுத்தமாக அணைத்துவிட்டு, அங்கிருந்து மெல்ல மெல்லத் திருப்பினாள். கால் பங்கு கூடத் திரும்பவில்லை. குரல் எதிரில் வந்து நின்றது. அப்பளம் பொரியவில்லை. பேச்சுக்குப் பின்னால், துடைத்த தரை மாதிரி அமைதி. அந்த அமைதியில் டாக்டர் காகிதம் புரட்டுவதும் நாற்காலி கிரீச்சிடுவதும் தனித்தனியாகக் கேட்டன. ஒரு மனிதர் ஒரு அறையில் உட்கார்ந்து பேசுகிறார் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

முதல் ஃபைலில் ஒரு கோடும் விழவில்லை. இரண்டாவதில் ஒன்று.

மூன்றாவது வெற்றிலை டாக்டர். வழக்கம்போல் கன்னத்துக்குள்ளேயே பேசினார். ஆனால் இப்போது அந்தக் குதப்பலுக்குள் வார்த்தையின் ஓரங்கள் தெரிந்தன. நடுவில் ஒரு கோடு. இன்னும் கீழே இன்னொரு கோடு. கடைசிப் பத்தியில், மருந்தின் அளவு சொல்லும் இடத்தில், மறுபடியும் குழைந்தார். பெடலின் பின்பக்கத்தை அழுத்தி, பேச்சைப் பின்னால் ஓட்டிக் கேட்டாள். பிடிபடவில்லை. மறுபடி கேட்டாள். இந்த மாதிரி மருந்துக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு அவளுக்குத் தெரியும். அதை அடித்தால் சரியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கோடு போட்டால் அது மூன்றாவது கோடு. ஜூன் லிஸ்ட் இல்லை.

பின்னால் ராதா நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அடிக்கமாட்டேன் என்று முதலில் தீர்மானம் செய்துகொண்டாள். செய்ததும் மனசு லேசானது. கை வழக்கம்போல் சத்தத்தைக் கூட்டக் குமிழுக்குப் போனது. போன கை தயங்கியது. இத்தனை நாள் கூட்டிக் கூட்டித்தானே கெட்டது? கூட்டவில்லை, ஒரு மயிரிழை குறைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு பெடலை அழுத்தினாள். குதப்பல் பின்வாங்கியது. அளவு தெளிவாக வந்து விழுந்தது. அவள் நினைத்த வழக்கமான அளவு இல்லை அது; அதில் பாதி. நோயாளி வயதானவர், சிறுநீரகம் சரியில்லை, அதனால் பாதி என்று காரணமும் சொல்லியிருந்தார்.

கேட்டதை அடித்தாள்.

டிக்டேஷன் முடிந்தது என்று டாக்டர் சொன்னார். அதோடு எல்லாரும் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுவார்கள். அவள் களைப்பில் எடுக்கவில்லை. ஒரு நொடி அமைதிக்குப் பிறகு அதே குரல், இன்னும் தாழ்வாக, ஆங்கிலத்தில் பேசியது. இதை டைப் செய்கிறவர் யாரோ, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறேன், எனக்கு வேறு நேரம் கிடைப்பதில்லை. உங்களுக்குச் சிரமம் என்று தெரியும். நன்றி.

சங்கமித்ரா கம்ப்யூட்டரில் பழைய ஃபைல்களைத் தேடி எடுத்து, வெற்றிலை டாக்டரின் இன்னொரு ஃபைலின் கடைசியை ஓட்டினாள். அங்கேயும் இருந்தது. இன்னொன்றிலும் இருந்தது. தினமும் சொல்லியிருக்கிறார்.

"சார், இதை அடிக்கணுமா?" என்று கேட்டு ஹெட்போனை நீட்டினாள்.

சேஷகிரி வாங்கிக் கேட்டார். சந்தனக் கீற்றுக்குக் கீழே புருவம் உயர்ந்தது. "வேண்டாம்மா. இது ரிப்போர்ட்ல சேராது" என்றார். பிறகு ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்து, "இது உங்களுக்குச் சொன்னது" என்றார்.

சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு மூன்று ஃபைலையும் சரிபார்த்தார். மருந்தளவு வந்த இடத்தில் இரண்டு முறை கேட்டார். பேனாவை மூடி பைக்குள் செருகினார்.

"ஜூன் லிஸ்ட்ல போடறேன். ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் இருக்கு, போய் எதாவது சாப்பிட்டுட்டு வாங்க."

ராதா ஓடிவந்து தோளைக் கட்டிக்கொண்டாள். சங்கமித்ரா அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, "ஒரு நிமிஷம் இரும்மா" என்றாள். ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டாள். வேலைக்காக இல்லாமல், தனக்காகப் பெடலை அழுத்தி, அந்தக் கடைசி நான்கு வாக்கியங்களை இன்னொரு முறை கேட்டாள். அங்கே இருப்பவருக்கு எட்டாது என்று தெரிந்தும் திரையைப் பார்த்து, "பரவாயில்லைங்க, நீங்க சாப்பிடுங்க" என்றாள்.